காவலுக்கு முதற்பங்கு: கல்குடாவின் பழைய வழக்கும் தீயணைப்போர் வேதனமும்

விளைச்சலைக் காத்து நின்றவனுக்கு அந்த விளைச்சலில் எவ்வளவு கொடுப்பது என்னும் கேள்வியை, மட்டக்களப்பு நாட்டின் வயல்வெளிகளிற் கூடிய கூட்டங்கள் பல தலைமுறைகளாக ஆராய்ந்து, மழை பொய்த்த வருஷத்திலும் வெள்ளம் மேவிய வருஷத்திலும் தாம் பட்ட அனுபவத்தைக் கொண்டு ஒரு நியாயத்தைக் கண்டு, அதனை வழக்கமாக நிலைநிறுத்தியிருந்தன. பொதுப் பணம் குறுகியிருக்கும் காலத்திலே தீயணைப்புப் படையினரின் சம்பளத்தை உயர்த்தலாமா என்று இன்று சபைகளிலும் பத்திரிகைகளிலும் நடக்கும் விவாதம், உருவத்திற் புதியதாயினும் உள்ளடக்கத்தில் அந்தப் பழைய கேள்வியேயாகும். ஆகவே, நெடுங்காலம் தனக்கென ஒரு தீயணைப்பு நிலையமின்றியே வாழ்ந்துவந்த கல்குடா என்னும் கரையோரப் பிரதேசத்தின் சரித்திரத்தை இவ்விவாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொள்வது பொருத்தமுடையதே. ஏனெனில், பங்கு, மானியம், கட்டணம், சம்பளம் என்று காவலுக்குக் கூலி கொடுக்கும் முறைகள் பலவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவித்து, ஒவ்வொன்றின் குணத்தையும் குற்றத்தையும் அப்பிரதேசம் தன் வாழ்விலேயே கண்டிருக்கிறது.

கிழக்கே வங்கக் கடல். வடமேற்கே கடலோடு கலக்கும் வாழைச்சேனை வாவி. தெற்கே ஏறாவூரையும் மட்டக்களப்பையும் நோக்கி நீளும் மணற்பாங்கான தென்னந்தோப்புகள். மேற்கே கிரான், வாகனேரி, புணாணை என்று காடுவரை விரியும் நெல்வயல்கள். இவற்றுக்கு நடுவே கல்குடாவும் பாசிக்குடாவும் பேத்தாழையும் வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் அமைந்திருக்கின்றன. பழைய நிர்வாகப் பிரிவினையில் இந்நிலம் முழுவதும் கோறளைப்பற்று என வழங்கியது. தென்னங்கிடுகால் வேய்ந்த வீடுகளும், கரைவலைக்காரரின் வாடிகளும், காய்ந்த வைக்கோற் போர்களும் நிறைந்த இவ்வூர்களில், மாரி மழை ஓய்ந்து நிலம் வறண்டு, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியபின், தீ என்பது எந்நேரமும் எதிர்பார்க்கத்தக்க அபாயமாகவே இருந்துவந்தது. சேனைப் பயிருக்காகக் காட்டை வெட்டிக் கொளுத்துவோர் சுற்றிலும் செத்தைகளை அகற்றி வெளிசெய்த பின்னரே நெருப்பிடுவதும், காற்றின் திசை பார்த்து வேலை தொடங்குவதும், அந்த அபாயத்தை அறிந்தவர்களின் விவேகத்தினாற் பிறந்த ஒழுக்கங்களாகும்.

மாரிப் போகத்து வெள்ளாமை மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகும். அறுத்த தாளை உப்பட்டியாகக் கிடத்திக் காயவிட்டு, பின்னர் கட்டுகளாக்கிக் களவெட்டி என்னும் களத்துக்குக் கொணர்ந்து, சூடு என்னும் போராக அடுக்கி, எருமைகளைக் கொண்டு மிதிப்பித்து, காற்றில் தூற்றிப் பொலி காணும் நாள்வரை, ஒரு குடும்பத்தின் வருஷ ஜீவனம் முழுவதும் காய்ந்த தாளோடு தாளாக வெட்டவெளியிலேயே கிடக்கும். யானை வந்தாற் பரணிலிருந்து கூவி விரட்டலாம். மாடு புகுந்தால் வேலியை அடைத்து நட்டத்துக்கு ஈடு கேட்கலாம். சூட்டில் ஒரு பொறி விழுந்து பற்றிக்கொண்டாலோ விதைநெல்லும் மிஞ்சாது. ஆகையினால், காணிக்காரராகிய போடியார் எத்துணைச் செல்வந்தராயினும், செய்கைக்காரராகிய முல்லைக்காரர் எத்துணைத் திறமையுடையவராயினும், இரவுதோறும் வாடியிற் கண்விழித்துக் காத்திருந்தவனுடைய உழைப்பின்றி அவ்விருவருடைய செல்வமும் திறமையும் பயன்பட வழியில்லை என்பதை அச்சமுதாயம் நன்கு உணர்ந்திருந்தது.

வயற் பரப்பு முழுவதற்கும் பொதுவான பரிபாலனம் வட்டைவிதானையிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. விதைப்புக் காலத்தை ஊர்க்கூட்டத்தில் நிச்சயிப்பது, வாய்க்கால் நீரை முறைப்படி பகிர்வது, வேலிகளைப் பார்வையிடுவது, காவற் கடமையைத் தவறவிட்டவர்களைக் கண்டிப்பது என்பன அவருடைய பொறுப்புகள். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை முடிந்ததும், காணியின் அளவுக்கேற்ப, ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்னரே தீர்மானித்த நெல்லைச் சுவந்திரம் என்னும் பெயரால் விவசாயிகள் அளந்து கொடுத்தார்கள். இங்கு நாம் உற்று நோக்கவேண்டிய விசேஷம் அந்நெல் அளக்கப்பட்ட முறையே: காணிக்காரனுக்கும் செய்கைக்காரனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னதாக, குவிந்து கிடக்கும் பொதுப் பொலியிலிருந்து காவலுக்கும் பரிபாலனத்துக்கும் உரிய அளவு முதலில் ஒதுக்கப்பட்டது. எஞ்சியதே பங்கிடப்பட்டது. எல்லாரும் எடுத்துக்கொண்டபின் மீந்ததைக் காவல் புரிந்தோருக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அக்களத்தில் இடமேயில்லை. காக்கப்பட்ட பொருளின்மீது காத்தவனுக்குள்ள உரிமை, அப்பொருளின் சொந்தக்காரனுடைய உரிமைக்கும் முற்பட்டது என்னும் தத்துவத்தை, எழுத்தறியாத உழவரும் மரைக்கால் என்னும் அளவையின் வாயிலாக ஆண்டுதோறும் உறுதிப்படுத்தி வந்தனர்.

ஆயினும், அம்முறையைக் குறையற்றதென்று போற்றிவிடுதல் சரித்திரத்துக்கு நேர்மையாகாது. பங்கு என்பது விளைச்சலைப் பொறுத்தது. விளைச்சல் இல்லாத வருஷத்திற் பங்கும் இல்லை. வெள்ளம் வந்து பயிர் அழிந்த ஆண்டில், வழமையிலும் அதிகமாக உழைத்த காவற்காரனே வெறுங்கையோடு வீடு திரும்பினான். ஆபத்து எந்த வருஷத்தில் மிகுதியாக இருந்ததோ அந்த வருஷத்திற் கூலி மிகக் குறைவாக இருந்தது என்பது அம்முறையின் உள்ளார்ந்த குற்றம். கரையிலும் இதே நிலைதான்: கரைவலை இழுத்தோர் பிடிபட்ட மீனிற் பங்கு பெற்றனர், மீன் படாத நாளில் அவர்கள் அடுப்பும் எரியவில்லை. காவலுக்கு முதலிடம் கொடுத்த அளவிற் பழைய வழக்கம் சிறப்புடையது. அந்த முதலிடத்துக்கு ஒரு நிச்சயமான அளவைக் கொடுக்க இயலாமற்போனது அதன் பலவீனம். இவ்விரண்டையும் சேர்த்து மனத்திற் கொண்டாற்றான் பின்வந்த மாற்றங்களின் பொருள் நமக்கு விளங்கும்.

பிரித்தானியர் ஆட்சியில், ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்திலே, 1856ஆம் ஆண்டு நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய வழக்கங்களை ஊரவர் கூடி உறுதிசெய்துகொள்ளவும், அவற்றை மீறுவோரைத் தண்டிக்கவும், தலைவர்களைத் தெரிந்தெடுக்கவும் அச்சட்டம் இடமளித்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமக் கூட்டங்களுக்கும் கிராம நீதிமன்றங்களுக்கும் மேலும் விரிவான அதிகாரத்தை வழங்கியது. ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் 1892ஆம் ஆண்டு தானிய வரி ஒழிக்கப்பட்டது குடியானவர்களுக்குப் பெரும் நிம்மதியை அளித்தது. சட்டங்கள் இவ்வாறு பெருகினபோதும், வன்னியனார், உடையார், விதானை என்று படிப்படியாக அமைந்த தலைமைக்காரர் வரிசையில், கீழ்ப்படியில் நின்று இரவும் பகலும் ஊரைக் காத்தவர்களுக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்க எதுவும் அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து வந்து சேரவில்லை. கௌரவமும் கட்டணங்களும் குடிகள் அளிக்கும் மானியங்களுமே அவர்களுடைய ஊதியமாகக் கருதப்பட்டன.

குறைந்த செலவில் நாட்டை ஆளுவதற்கு இது சாமர்த்தியமான உபாயம் என்று அன்றைய நிதியதிகாரிகள் எண்ணியிருத்தல் கூடும். ஆனால், அச்சிக்கனத்தின் விலையைக் கிராமத்து ஏழைகளே செலுத்தினார்கள். அரசாங்கம் கொடுக்காத ஊதியத்தைக் குடிகளிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் வேரூன்றியது. கொடுக்க வல்லவனுக்கு விரைவான சேவையும், வல்லாதவனுக்குத் தாமதமும் கிடைத்தன. இலங்கை முழுவதும் இத்தலைமைக்காரர் முறையைப் பற்றி எழுந்த முறைப்பாடுகளின் விளைவாக 1922ஆம் ஆண்டிலும், பின்னர் 1935ஆம் ஆண்டிலும் விசாரணை ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. மேல்நிலைத் தலைமைக்காரரின் இடத்திற் சம்பளம் பெறும் பிரிவுக் காரியாதிகாரிகள் நியமனம் பெற்றனர். 1958ஆம் ஆண்டு, பிலிப் குணவர்த்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம் வட்டைவிதானையின் பொறுப்புகளைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. 1963ஆம் ஆண்டு கிராமத் தலைமைக்காரர் பதவி ஒழிந்து, போட்டிப் பரீட்சையின் வழியாகத் தெரிவுசெய்யப்பட்டு மாதச் சம்பளம் பெறும் கிராம சேவகர் பதவி வந்தது. பொதுச் சேவகனுக்குப் பொதுமக்களே கூட்டாகச் சம்பளம் கொடாவிட்டால், ஒவ்வொருவரும் தனித்தனியே அதைவிட அதிகமாகக் கொடுக்க நேரும் என்பதே இந்த நூற்றாண்டுக் கால அனுபவம் புகட்டிய பாடம்.

இதற்கிடையில் கல்குடாவின் உருவமும் மாறிக்கொண்டிருந்தது. 1928ஆம் ஆண்டு மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது, வாழைச்சேனையும் கல்குடாவும் அப்பாதையின் நிலையங்களாயின. சுதந்திரம் கிடைத்தபின், கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் முயற்சியால், காங்கேசன்துறைச் சீமெந்தாலைக்கும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கும் துணையாக வாழைச்சேனைக்கு ஒரு காகித ஆலை திட்டமிடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. வயலில் வீணாகக் கிடந்த வைக்கோலே அவ்வாலையின் முக்கிய மூலப்பொருளாயிற்று. களவெட்டிகளிற் சிதறிக்கிடந்த எரிபொருள் முழுவதும் ஓரிடத்தில் மலைபோற் குவிக்கப்பட்டபோது, கைத்தடியும் குரலும் கொண்டு காத்த காலம் முடிவடைந்து, நீரேற்றும் யந்திரமும் பயிற்சி பெற்ற ஆள்களும் இன்றிக் காக்கவியலாத காலம் ஆரம்பமாயிற்று. வாடியில் விழித்திருந்த காவற்காரனின் தொழில், தீயணைப்புப் படைவீரனின் தொழிலாக உயரவேண்டிய அவசியம் பிறந்தது.

அத்தொழிலின் சரித்திரம் உலகில் மிகப் பழைமையானது. உரோமாபுரியிற் பேரரசன் அகஸ்தஸ், கிபி 6ஆம் ஆண்டில், இரவிற் காவல் புரிந்து தீயையும் அணைப்பதற்காக ஏழு அணிகள் கொண்ட ஒரு படையை அமைத்தபோது, அதன் செலவுக்கென அடிமை விற்பனைமீது ஒரு தனிவரியை விதித்தான். அவ்வரியின் ஊற்று மனிதகுலத்தின் மனச்சாட்சிக்கு ஒவ்வாததே. எனினும், தீக்காவலுக்கு நிலையான ஒரு வருவாய் வழி இருத்தல்வேண்டும் என்பதை அம்மன்னன் உணர்ந்திருந்தான். இலண்டன் மாநகரில் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னர், காப்புறுதிக் கம்பனிகள் தத்தம் தீயணைப்புக் கூட்டங்களை வைத்திருந்து, 1833ஆம் ஆண்டில் அவற்றை ஒன்றாக இணைத்து, எடின்பரோவிலிருந்து வந்த ஜேம்ஸ் பிரெயிட்வுட் என்பவரின் தலைமையிற் கொண்டுவந்தன. 1861ஆம் ஆண்டு தேம்ஸ் நதிக்கரைப் பண்டசாலைகளில் மூண்ட டூலி வீதித் தீயில், தம் ஆள்களைப் பார்வையிடச் சென்ற பிரெயிட்வுட் சுவரிடிந்து மாண்டார். அந்நட்டத்தைத் தாங்கமாட்டாத கம்பனிகள் இனி இப்பாரத்தைச் சுமக்க எம்மால் இயலாது என்று அரசாங்கத்திடம் முறையிட்டன.

அதன் பயனாக 1865ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், மறுவருஷத் தொடக்கத்திலிருந்து இலண்டனுக்குப் பொதுவான ஒரு தீயணைப்புப் படையை ஏற்படுத்தியதோடு, அதன் செலவை மூவர் பகிர்ந்துகொள்ளவும் விதி செய்தது: காப்புறுதிக் கம்பனிகள் தாம் ஏற்கும் காப்புறுதியில் ஒவ்வொரு பத்து இலட்சம் பவுணுக்கும் 35 பவுண் கொடுக்கவேண்டும், அரசாங்கம் வருஷந்தோறும் 10,000 பவுண் கொடுக்கவேண்டும், மிகுதியை நகரவாசிகளின் ஆதனங்கள்மீது, பவுணுக்கு அரைப் பென்னிக்கு மேற்படாத வரியாக அறவிடவேண்டும். காவலினால் நன்மை பெறுவோர் எவரெவரோ அவரவர் அந்நன்மைக்கு ஏற்பப் பணம் கொடுத்தல் என்னும் கொள்கை இங்கே சட்டவுருப் பெறுகிறது. கோறளைப்பற்று வயல்களில் ஏக்கர்க் கணக்கிற் சுவந்திரம் அளந்த கொள்கையும் இதுவே. இரண்டு சமுதாயங்களும் இக்கொள்கையை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றவையல்ல. ஆயினும், ஒரே தர்மத்தைக் கண்டடைந்தன.

இத்தொழிலிற் பொதிந்த அபாயத்தை நம் அயல்நாட்டில் எல்லாரும் அறியச்செய்தது 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் நிகழ்ந்த அனர்த்தம். பஞ்சும் வெடிமருந்தும் ஒருங்கே ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தபோது, அதை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் உயிரிழந்தனர். அவர்களை நினைவுகூர்ந்தே இந்தியா இன்றளவும் ஏப்ரல் 14ஆம் தேதியைத் தீயணைப்புத் தினமாக அனுஷ்டிக்கிறது. இத்தகைய தியாகத்தைப் போற்றுவதில் எந்த அரசும் சபையும் பின்னிற்பதில்லை. தூண் எழுப்புவதும் மாலை சாத்துவதும் வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவு. மாதந்தோறும் வரும் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதுதான் பொக்கிஷத்தின் கதவு இறுகுகிறது.

அவ்வாறு இறுகிய ஒரு காலத்தின் வரலாற்றைப் பிரித்தானியாவிற் காணலாம். 1977ஆம் ஆண்டு, விலையேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, எந்தத் தொழிலாளருக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படச் சம்பளம் உயர்த்தக்கூடாது என்று அந்நாட்டு அரசாங்கம் வரையறுத்திருந்தது. தீயணைப்போர் சங்கம் நூற்றுக்கு முப்பது கேட்டது. நவம்பர் 14ஆம் தேதி அந்நாட்டுச் சரித்திரத்தில் முதன்முறையாகத் தீயணைப்போர் தேசமெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். பழைய தீயணைப்பு வண்டிகளைக் கொண்டு போர்வீரர்கள் தீயணைக்க அனுப்பப்பட்டனர். பனிக்காலத்தில் ஒன்பது வாரம் போராட்டம் நீடித்தது. முடிவில் அவர்களுக்கு உடனடியாகக் கிடைத்தது பத்து வீதமே. ஆனால், அதனோடு ஒரு சூத்திரமும் கிடைத்தது: உடலுழைப்புத் தொழில் புரியும் ஆண்களில் உயர்ந்த ஊதியம் பெறும் காற்பகுதியினரின் வருவாயோடு தீயணைப்போர் சம்பளம் இணைக்கப்பட்டது, வாரத்துக்கு 48 மணிநேரமாயிருந்த வேலை 42 மணிநேரமாகக் குறைக்கப்படுவதற்கும் இணக்கம் ஏற்பட்டது. அச்சூத்திரத்தின் பயனாக அடுத்த தேசிய வேலைநிறுத்தம் கால் நூற்றாண்டு கழித்து 2002ஆம் ஆண்டிலேயே வந்தது. ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையைக் காட்டிலும், ஆண்டுதோறும் வாதாட அவசியமில்லாத ஒரு நியாயமான அளவுகோலே இரு திறத்தாருக்கும் அமைதியைத் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

நம் நாட்டில் பொதுச் சேவையாளரின் ஊதியப் போராட்டங்கள் அத்துணை அமைதியாக முடிவுறவில்லை. 1947ஆம் ஆண்டு அரசாங்க எழுதுவினைஞர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது, ஜூன் 5ஆம் தேதி, கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் பொலீஸார் சுட்டதால் உயிர்நீத்தார். அதே வருஷத்தில் நடந்த முதற் பாராளுமன்றத் தேர்தலிற் கல்குடா தனித் தொகுதியாகி, வ. நல்லையா அதன் முதற் பிரதிநிதியாகத் தெரிவானார். 1980ஆம் ஆண்டு ஜூலையில், வாழ்க்கைச் செலவு ஏறியதனாற் சம்பளத்தில் 300 ரூபா உயர்வு கோரித் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தபோது, நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதவியிழந்தனர். கல்குடாவின் பிரதிநிதியாகிய கே. டபிள்யூ. தேவநாயகம் அக்காலத்தில் அமைச்சரவையில் அங்கம் வகித்தார். அவ்வாறு வேலையிழந்த குடும்பங்கள் பட்ட துன்பம் இலங்கைத் தொழிலாளர் சரித்திரத்தில் ஆறாத புண்ணாகவே இருந்துவருகிறது.

தீயணைப்பு என்பது இலங்கையிற் பெரும்பாலும் மாநகரசபைகளின் பணியாகவே வளர்ந்தது. கொழும்பிலும் கண்டியிலும் மாநகரசபைகள் 1865ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தின் வழியாகத் தோன்றின. மட்டக்களப்பு நெடுங்காலத்தின் பின்னரே அந்நிலையை எய்தியது. கல்குடாப் பகுதியோ கிராமசபைகளின் ஆட்சியிலிருந்து, 1981ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபையின் கீழ்ச் சென்று, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தாற் கோறளைப்பற்றுப் பிரதேச சபையின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. உள்நாட்டு யுத்தத்தினாற் பல்லாண்டு தடைப்பட்ட சபைத் தேர்தல்கள், 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் மட்டக்களப்பு மாவட்டத்தில் மீண்டும் நடைபெற்றன. சோலைவரி, சந்தைக் குத்தகை, முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்பனவே இத்தகைய சபைகளின் வருவாய். நிரந்தர ஆளணியினரின் சம்பளத்திற் பெரும்பகுதியை அரசாங்கம் மாகாணத்தின் வழியாக மீளளிக்கின்றது. புதிய பதவி ஒன்றை உண்டாக்குவதற்குத் திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் வரும்வரை அமைய ஊழியராக எவரையேனும் அமர்த்தினால் அவர்களுடைய கூலி சபையின் சொந்தப் பணத்திலிருந்தே கொடுக்கப்படவேண்டும். ஏழைச் சபைகளில், சம்பளத்தை உயர்த்தலாமா என்னும் கேள்விக்கு முன்பாகவே ஆளை அமர்த்தலாமா என்னும் கேள்வி நின்றுவிடுகிறது.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோதும், அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு விலைச்சுட்டியின் ஏற்றம் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபதை எட்டியபோதும், சர்வதேச நாணய நிதியம் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு இணங்கி அரசாங்கச் செலவை இறுக்கும் நிபந்தனைகளை முன்வைத்தபோதும், அரசாங்க ஊழியரின் சம்பளம் என்னும் வினா நாட்டின் நடுவினாவாயிற்று. 2024ஆம் ஆண்டில் வாழ்க்கைச் செலவுப் படி இரு கட்டங்களாகப் பதினாயிரம் ரூபாவால் உயர்த்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திற் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. முன்பிருந்த சில படிகள் அதனுள் சேர்க்கப்பட்டமையால் மெய்யான உயர்வு 8,250 ரூபாவாக அமைந்து, அதுவும் மூன்று ஆண்டுகளிற் பகுதி பகுதியாகவே கிடைக்குமாறு ஒழுங்கு செய்யப்பட்டது. பொதுவான இந்த உயர்வினால் தீயணைப்போரும் பயன்பெறுவர். ஆயினும், அவர்களுடைய தொழிலுக்கே உரிய அபாயத்தையும், இரவும் பகலும் ஆயத்தமாயிருக்கும் கடமையையும் மதிப்பிட்டு அளிக்கப்பட்ட தனி உயர்வாக அதனைக் கொள்ள இடமில்லை.

உயர்வை மறுப்போர் கூறும் நியாயங்களை அலட்சியம் செய்யலாகாது. சுகாதாரத் தொழிலாளியும் தெருவிளக்குப் பழுதுபார்ப்பவனும் சபையின் ஊழியரே. ஒருவனுக்கு உயர்த்தினால் மற்றவனுக்கும் உயர்த்தவேண்டும். வடிகால், வீதி, கழிவகற்றல் ஆகியவற்றுக்கு வைத்த பணம் சம்பளத்திற் கரைந்தால் ஊரின் நோயைத் தடுப்பது எவ்வாறு என்று அவர்கள் வினவுகின்றனர். தீயின்றிக் கழியும் நாள்கள் பலவாயிருக்க, அந்நாள்களுக்கும் சம்பளமா என்று வினவுவோரும் உண்டு. முதல் வினா மெய்யானது. அதற்கு விடை புதிய வருவாயைத் தேடுவதிலேயே இருக்கின்றது. இரண்டாம் வினாவுக்குக் களவெட்டி வழக்கமே விடை பகர்கின்றது: சூட்டில் ஒரு பொறியும் விழாத வருஷத்திற் சுவந்திரம் கொடுக்கமாட்டேன் என்று போடியார் எவரும் கூறத் துணியவில்லை, பொறி விழாமையே காவலின் பலன் என்று அவர் அறிந்திருந்தார்.

கல்குடாவுக்கு வந்த பேராபத்துகளும் இதையே உணர்த்துகின்றன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு மட்டக்களப்பு மாவட்டத்தைத் தாக்கிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கவர்ந்து, தென்னைகளை வேரோடு சாய்த்து, வெளியூர்ப் பாதைகள் யாவற்றையும் அடைத்துவிட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலை கடல் பொங்கிவந்து கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. அவ்விரு சமயங்களிலும் முதற் சில மணிநேரத்தில் மீட்புப்பணி செய்தவர்கள் அக்கம்பக்கத்து மக்களே. அவர்களிடம் துணிவு இருந்தது, கருவியும் பயிற்சியும் இருக்கவில்லை. மட்டக்களப்பு நகரம் கல்குடாவிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றது. கச்சான் காற்றில் ஒரு கிடுகு வீடு எரிந்து முடிவதற்கு அத்துணைத் தூரம் கடந்து வரும் வண்டியின் பிரயாண நேரம் தேவைப்படாது. தீயணைப்பு நிலையம் அருகில் இருத்தல்வேண்டும்; அங்கு பயிற்சி பெற்றவர்கள் நெடுங்காலம் நிலைத்திருத்தல்வேண்டும்; அவர்கள் வேறு வேலை தேடி வெளிநாட்டுக்குப் போகாதிருக்குமளவுக்கு வேதனம் அமைதல்வேண்டும். ஒரு வீரனைப் பயிற்றுவதற்குப் பொதுப் பணத்தைச் செலவழித்துவிட்டு, அவனை நிறுத்திக்கொள்ளப் போதிய சம்பளம் கொடாதிருப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

வருவாய்க்கு வழியே இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாக் கடற்கரையில் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்துள்ளன. சுற்றுலாத் துறையிற் பதிவுபெற்ற விடுதிகளிடமிருந்து, அவற்றின் வருவாயில் நூற்றுக்கு ஒரு பங்குவரை உரிமக் கட்டணமாக அறவிடுவதற்குப் பிரதேச சபைச் சட்டம் இடமளிக்கிறது. பிரயாணிகள் நித்திரை கொள்ளும் அறைகளையும், சமையற்கூடத்து வாயுக் கலன்களையும் உடைய அவ்விடுதிகளைப் பார்க்கிலும் தீக்காவலினால் அதிக நன்மை பெறுவோர் அப்பிரதேசத்தில் எவருமில்லை. அக்கட்டணத்தில் ஒரு பகுதியையும், காப்புறுதிக் கம்பனிகள் இப்பகுதியிற் பெறும் கட்டணங்களில் ஒரு சிறு வீதத்தையும், சோலைவரியில் ஒரு கூறையும் சேர்த்துத் தீக்காவலுக்கென்றே தனி நிதி ஒன்றை ஏற்படுத்தினால், 1865ஆம் ஆண்டு இலண்டன் கண்ட நியாயத்தையும் கோறளைப்பற்று உழவன் கண்ட நியாயத்தையும் ஒருங்கே கடைப்பிடித்ததாகும். காப்புறுதிப் பங்குக்குப் பாராளுமன்றத்தின் புதிய சட்டம் அவசியமாகலாம்; ஏனைய இரண்டுக்கும் சபையின் தீர்மானமே பெரும்பாலும் போதும்.

இந்தச் சரித்திரம் முழுவதையும் நோக்கும்போது மூன்று விதிகள் தெளிவாகின்றன. பங்கு பிரிக்குமுன் காவலுக்கு ஒதுக்கவேண்டும் என்பது முதலாவது. களவெட்டி அதைக் கற்பித்தது. ஒதுக்கும் அளவு விளைச்சலின் தயவில் நில்லாமல், வாழ்க்கைச் செலவையும் ஒத்த தொழில்களின் ஊதியத்தையும் பின்பற்றி ஆண்டுதோறும் தானாகவே அமைதல் வேண்டும் என்பது இரண்டாவது; களவெட்டியின் குறையும், 1977ஆம் ஆண்டுப் போராட்டத்தின் முடிவும் அதைக் கற்பித்தன. காவலின் நன்மையை அதிகம் பெறுவோர் அதிகம் கொடுக்கவேண்டும் என்பது மூன்றாவது. பொதுப் பணம் குறுகியிருக்கிறது என்பதால் இவ்விதிகள் வலுவிழந்துவிட மாட்டா. பணம் பெருகியிருக்கும் காலத்தில் எந்த விதியுமின்றியே எல்லாருக்கும் கொடுத்துவிடலாமாகையால், விதி ஒன்று வேண்டியிருப்பது பணம் குறுகியிருக்கும் காலத்துக்கே. மாரிப் போகம் பாதியாய் விளைந்த ஆண்டிலும் முதல் மரைக்காலைக் காவலுக்கு அளந்த மக்களின் சந்ததியார், தம் சபையின் வரவு செலவுக் கணக்கில் தீயணைப்போரின் வேதனத்தைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவருமாறு தம் பிரதிநிதிகளைக் கேட்பதற்கு முழு உரிமையும் உடையவர்கள். அவ்வாறு கேட்பது அவர்களுடைய கடமையுமாகும்.